முல்சான் மூலையில் வென்ற டிஸ்க் பிரேக்

பிரான்ஸின் லெ மான்ஸ் பந்தயப் பாதையில் முல்சான் நேர்ச்சாலை 1950-களில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளம். மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் பாய்ந்து வரும் கார், அது முடியும் இடத்தில் சட்டென்று வேகம் இறங்கி வலப்பக்கம் திரும்பியாக வேண்டும். 24 மணி நேரமும் சுற்றுக்குச் சுற்று இதே பாடு.

அன்றைய கார்களில் பெரும்பாலும் டிரம் பிரேக்தான். மூடிய டிரம்முக்குள் ஷூக்கள் விரிந்து உட்சுவரை அழுத்தும். சூடு வெளியேற வழி குறைவு. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும். பெடல் கீழே போகும், கார் நிற்காது.

இதற்கு மாற்று வழி 1902-லேயே காப்புரிமை பெற்றிருந்தது. பர்மிங்ஹாமின் ஃபிரடெரிக் லான்செஸ்டர், சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக்கை வடிவமைத்தார். ஆனால் அவர் வைத்த செம்புப் பட்டைகள் உரசும்போது கிரீச்சிட்டன. அது பரவவில்லை. பின்னாளில் விமானச் சக்கரங்களில்தான் இந்த டிஸ்க் பிரேக் வேரூன்றியது.

விமானங்களுக்கு அதைச் செய்துவந்த டன்லப்போடு கார் நிறுவனமான ஜாகுவார் கைகோத்தது. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் காரை மீண்டும் மீண்டும் ஓட்டி, மீண்டும் மீண்டும் நிறுத்திப் பார்த்தார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது இந்த உழைப்பைத்தான். ஒரு சிக்கல் தீர்ந்தால் அடுத்தது முளைத்தது. டிரம்மில் சக்கரம் சுழலும் வேகமே ஷூவை இன்னும் இறுக்க உதவும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. மிதிக்கும் கால் இன்னும் அழுத்த வேண்டும், அதனால் அழுத்தம் கூட்ட ஒரு பம்ப் தேவைப்பட்டது. தட்டைக் கவ்வும் பேட் வாங்கும் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறி அதைக் கொதிக்க வைத்தது. ஆவிக்குமிழ் நுழைந்துவிட்டால் பெடலை எவ்வளவு மிதித்தும் பயனில்லை.

1952-இல் ரெய்ம்ஸ் பந்தயத்தில் ஸ்டர்லிங் மோஸ் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் காரில் வென்றார். அடுத்த ஆண்டு ஜூனில் லெ மான்ஸ். 3.4 லிட்டர் ஜாகுவாருக்கு எதிரே 4.5 லிட்டர் ஃபெராரி. நேர்ச்சாலையில் எஞ்சின் பேசலாம். மூலையில் ஜாகுவார் ஓட்டுநர்கள் இன்னும் கொஞ்சம் தூரம் பெடலைத் தொடாமல் போனார்கள். டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இணை வென்றது. சராசரி வேகம் மணிக்கு 170 கி.மீ.; மணிக்கு நூறு மைலைத் தாண்டிய சராசரி அந்தப் பந்தயத்தில் அதுவே முதல் முறை. இரண்டாம், நான்காம் இடங்களும் சி-டைப்புக்கே.

1955-இல் சிட்ரோயன் டிஎஸ் முன்சக்கரங்களில் டிஸ்க்கோடு கடைக்கு வந்தது. டூயிஸ் எதிர்கொண்ட அதே ஆயில் கொதிப்பு இன்றும் டிராக்கில் ஓட்டுபவரை விடவில்லை. புதிய டாட் 4 வகை பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சியதற்கு அந்த வரம்பு 155 மட்டுமே. பேட்டையும் டிஸ்க்கையும் பார்த்து வாங்குகிறவர்கள் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுவதும் அதனால்தான்.