முள் குத்திய காலும் சுருட்டை கடித்த காலும்

யாழ்ப்பாணத்து உடுவிலின் செம்மண் தோட்டத்தில் ஒருவர் காலில் முள் ஏறுகிறது. புண் பழுத்து, கிருமி குருதியில் கலந்து, செப்சிஸ் ஆகிறது. அவருடைய தம்பி கரையோர மணலில் நடக்கும்போது சுருட்டைப் பாம்பை மிதித்துக் கடி வாங்குகிறார். மூத்தவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், இளையவர் விஷமுறி ஊசிக்காகக் காத்திருக்கும் கட்டிலில். இவர்களை ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்? இருவருடைய உடம்பும் ஒரே வலையை வீசியிருக்கக்கூடும் என்பதால்.

நியூத்திரோபில் வெண்குழியம் தன் டிஎன்ஏயையே வலையாக வெளியே எறிந்து கிருமியைப் பிடிப்பதை 2004இல் பெர்லினில் பிரிங்க்மனும் சைக்லின்ஸ்கியும் அவர்கள் குழுவினரும் விவரித்தார்கள். 2016இல் மைசூர் ஆய்வாளர்கள், இந்தியச் சுருட்டையின் விஷமும் அதே வலையை விரிக்க வைக்கிறது என்று காட்டினார்கள்.

செப்சிஸில் வலை ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நுண்குழாய்களில் விரிகிறது. கிருமியைப் பிடிக்கும் அதே இடத்தில் குருதியை உறையவும் வைக்கிறது. இழைகளோடு வரும் ஹிஸ்டோன் புரதங்கள் குழாய்ச் சுவரையே புண்ணாக்குகின்றன. சுருட்டைக் கடியில் வலை கடிவாயைச் சுற்றிய குழாய்களை அடைக்கிறது. விஷம் வழியின்றி அங்கேயே தங்கித் தசையை அரிக்கிறது. வலையால் மூத்தவருக்குச் சேதம் உடம்பெங்கும், இளையவருக்கு ஒரு சாண் இடத்தில். கடிவாய்க்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டும் பழைய வழக்கத்தை வைத்தியர்கள் இன்று தடுக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், உடம்பே அந்தக் கட்டை உள்ளுக்குள் போட்டுக்கொள்கிறது.

இதைவிட வியப்பான உறவு எதிராளிகளிடம் இருக்கிறது. நிமோனியாக் கிருமி போன்ற சில, வலையை அறுக்கும் நொதியத்தைக் கையோடு கொண்டுவருகின்றன. டிஎன்ஏயை வெட்டும் அதே கத்தரி பல பாம்புகளின் விஷத்திலும் உண்டு. மைசூர் ஆய்வின் சுருட்டையிடம் அது இல்லை. வலை நிலைத்துப்போனதற்கு அதுவே காரணம்.

அப்படியென்றால் கத்தரியை நாமே கொடுத்தால்? இங்கேதான் சகோதரர்கள் பிரிகிறார்கள். மைசூர் ஆய்வில் எலியின் வாலில் விஷத்தோடு சேர்த்து அந்த நொதியத்தைச் செலுத்தியபோதும் வால் தப்பியது, பிந்திச் செலுத்தியபோதும் தப்பியது. செப்சிஸ் எலிகளிலோ 2015இல் வெளியான கனடிய ஆய்வொன்றில் பிந்திக் கொடுத்தது மட்டுமே பலன் தந்தது. என் கணிப்பில் வேறுபாடு வலையில் அகப்பட்டதைப் பொறுத்தது. கிருமி உயிருள்ளது, அவசரப்பட்டு அறுத்தால் தப்பிப் பெருகும், பிடியிலேயே இருந்தால் சாகும். விஷத்துக்குச் சாவு ஏது? பிடித்து வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அறுத்துவிட்டாலோ உடம்பெங்கும் பரவும் என்பதால், விஷமுறி முன்கூட்டியே குருதியில் காத்திருக்கவேண்டும்.

மனிதருக்குப் புதிய மருந்தொன்றும் தேவையில்லை. டிஎன்ஏயை வெட்டும் நொதியம் 1993 முதல் நுரையீரல் சளியை இளக்க மூச்சுவழியாகக் கொடுக்கப்படுகிறது. ஆனாலும் அந்த எலி வாலை யாழ்ப்பாணத்துக் காலாக எண்ணிவிடக் கூடாது. குடாநாட்டுச் சுருட்டைக் கடிகளைப் பற்றி 2011இல் வந்த ஆய்வு அவற்றைக் கடுமை குறைந்தவையாகவே காட்டியது. நம் மணலில் ஊரும் சுருட்டையின் விஷத்தில் கத்தரி உண்டா இல்லையா என்று பார்ப்பதுதான் இளையவருக்காகச் செய்யவேண்டிய முதல் வேலை.