உந்தமும் முட்டுக்கட்டையும்



அண்மையில் பினாங்கு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் என் முன்னாள் மாணவி ஒருத்தியைச் சந்தித்தேன். நான்காம் படிவத்தில் இயற்பியல் பயில்கிறாள். "டீச்சர், மொமென்தம் என்பதற்குத் தமிழில் சொல் உண்டா?" என்று கேட்டாள். "உந்தம்" என்றேன். "அது நீங்கள் சொல்லிக் கொடுத்த உந்து விசைதானே?" என்றாள்.

அவள் ஐயம் நியாயமானது. நம் தொடக்கப்பள்ளி அறிவியலில் தள்ளுதலையும் இழுத்தலையும் 'உந்து விசை' என்கிறோம். இரண்டு சொற்களும் 'உந்து' என்னும் ஒரே வினையிலிருந்து பிறந்தவை. ஆனால் பொருள் வேறு.

இக்குழப்பம் உலகிற்கும் இருந்தது. இடைவிடாமல் தள்ளினால்தான் பொருள் நகரும் என்று பண்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கருதினார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் பூரிதான், எறியப்பட்ட பொருள் ஓர் உந்துதலைத் தன்னுள் ஏற்றுச் செல்கிறது என்றார். 1644இல் டேக்கார்ட் அதனை 'இயக்கத்தின் அளவு' என்று கணக்கிட்டார். ஆனால் திசையைக் கருதவில்லை. திசையும் கணக்கில் சேர வேண்டும் என்பதை ஹைகன்ஸ் தெளிவுபடுத்தினார். 1687இல் நியூட்டன் தம் நூலில் இதற்கு உறுதியான இடம் தந்தார். பொருண்மையைத் திசைவேகத்தால் பெருக்கக் கிடைப்பது உந்தம். விசை வெளியிலிருந்து செயற்படுவது. உந்தம் ஓடும் பொருள் கொண்டிருப்பது.

மாணவிக்கு இதனை விளக்க நான் தொலைவு செல்லவில்லை. அச்சாலைக்கு அருகில்தான் லெபோ பினாங்கு உள்ளது. 1894இல் நகரத்தார் கொண்டுவந்த வெள்ளி இரதம் தைப்பூசத்தில் அங்கிருந்துதான் புறப்படுகிறது. ஓர் இரதம் 4,000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு அரை மீட்டர் நகர்ந்தால் உந்தம் 2,000 அலகு. 50 கிலோகிராம் எடையுள்ள சிறுவன் நொடிக்கு 4 மீட்டர் ஓடினால் 200 அலகுதான். விரைந்து ஓடும் சிறுவனைப் பிடித்து நிறுத்திவிடலாம். மெல்ல ஊரும் தேரை நிறுத்த முடியாது.

இதனை நம் முன்னோர் சூத்திரமின்றியே அறிந்திருந்தனர். தமிழகத்துத் தேரோட்டங்களில் சக்கரத்தின் அடியில் கட்டையிட்டுத் தேரை நிறுத்துவர், திருப்புவர். அதுவே முட்டுக்கட்டை. ஒரு செயலைத் தடுப்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்று இன்றும் சொல்கிறோம். சுமார் 300 டன் எடையுள்ள திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் நீரியல் தடைக்கருவி பொருத்திய பின்னரும், வழக்கிலுள்ள அச்சொல் மறையவில்லை.

அன்றாடப் பேச்சில் ஓர் அணிக்கு 'மொமென்தம் வந்துவிட்டது' என்றால், இனி அது வளர்ந்துகொண்டே போகும் என்று பொருள் கொள்கிறோம். இயற்பியல் அப்படிச் சொல்வதில்லை. புறவிசை இல்லையேல் உந்தம் கூடாது, குறையாது. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு எடுத்துரைப்பது நம் கடமை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நாம் பொருண்மை என்பதைத் தமிழ்நாட்டார் நிறை என்பர். இலங்கையர் திணிவு என்பர். இலங்கையில் 'நிறை' என்றால் எடை! இணையத்தில் தமிழ்ப் பாடங்களைத் தேடும் பிள்ளைகள் இதனால் தடுமாறுவர். 'உந்தம்' என்ற சொல்லோ இரு நாடுகளிலும் ஒன்றே.

நான் பணியில் சேர்ந்த காலத்தில், 2003இல் தொடங்கிய கொள்கைப்படி, தமிழ்ப்பள்ளியிலும் அறிவியலை ஆங்கிலத்தில் கற்பித்தோம். அக்கொள்கையைக் கைவிட 2009இல் அரசு முடிவு செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் என்னிடம் பயின்றவர்கள் 'உந்து விசை' என்ற சொல்லை என் வாயிலிருந்து கேட்டதே இல்லை. அந்தக் குறை இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

பெற்றோர்களே, அடுத்த தைப்பூசத்தில் தேர் நகரும்போது பிள்ளையிடம் கேளுங்கள்: "மெதுவாகத்தானே போகிறது, ஏன் உடனே நிறுத்த முடியவில்லை?" விடையைத் தமிழிலேயே அவர்கள் கண்டடையட்டும்.