தொகுதிப் பணிகளுக்குக் காத்திருத்தல்: முடிவும் வெற்றியும்

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பரம் பொருள் மீத்திறன் கணினியின் வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். இத்தகைய கணினிகளில் யாரும் நேரே உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. வேலையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வரிசையில் விட்டுவிட வேண்டும். அது எப்போது, தொகுப்பிலுள்ள எந்தக் கணினியில், அதாவது எந்தக் கணுவில் ஓடும் என்பதை ஸ்லர்ம் போன்ற பணி ஒழுங்கி தீர்மானிக்கும். அடுத்த கட்டம் முந்தைய கட்டத்தின் விடையை நம்பியிருக்கும்போது, அதற்குக் காத்திருக்கவும் ஒரு கருவி தேவைப்படுகிறது. வேலை முடிந்தது என்ற செய்தியோடு அந்தக் கருவி நின்றுவிடக் கூடாது. எப்படி முடிந்தது என்பதையும் சிதையாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

விருத்தாசலம், நல்லூர்ப் பக்கத்துப் பீங்கான் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெருப்பை நிறுத்தியதும் வேக்காடு முடிந்துவிடுகிறது. எது கீறியது, எதில் மெருகு பிடிக்கவில்லை என்பது சூளை ஆறி, பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்தச் சூளையின் வெப்பப் பரவலையே கணினியில் கணிப்பதாக வைத்துக்கொள்வோம். 40 வெப்ப வரைவுகள், வரைவுக்கு ஒரு பணி, அனைத்தும் முடிந்தபின் ஒப்பிட்டுப் பார்க்கக் கடைசியாக ஒரு பணி.

யூனிக்ஸில் ஒரு நிரல் தான் தோற்றுவித்த சேய் நிரலுக்காக ‘வெயிட்’ மூலம் காத்திருக்கலாம். சேய் முடிந்ததும் அதன் வெளியேற்றக் குறியீட்டைக் கருநிரலே தாய்க்குக் கொடுத்துவிடும். 0 என்றால் வெற்றி. வரிசையில் விடப்படும் தொகுதிப் பணியோ வேறொரு கணுவில், வேறொரு நிரலின் சேயாக ஓடுகிறது. வரிசையில் விட்டவருக்கும் அதற்கும் அந்த உறவு கிடையாது. காத்திருப்புக் கருவிகள் எல்லாம் இந்த அறுந்த உறவை ஒட்டவைக்கும் முயற்சிகளே.

பலர் கையாளும் வழி, ஸ்லர்மின் வரிசையைப் பட்டியலிடும் ‘எஸ்கியூ’ கட்டளையை ஒரு சுழற்சிக்குள் வைத்துச் சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருப்பது. பட்டியலில் பணியின் எண் இல்லையென்றால் முடிந்துவிட்டது என்று கொள்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு கேள்வியும் எல்லாருக்கும் பொதுவான ஸ்லர்மின் கட்டுப்பாட்டு நிரலைத் தட்டி எழுப்புகிறது. சுழற்சிக்குள் இவ்வாறு கேட்க வேண்டாம் என்று ஸ்லர்மின் கையேடே எச்சரிக்கிறது. அதைவிடப் பெரிய குறை, பட்டியலில் இல்லாமை எதற்கும் சான்றாகாது என்பதுதான். முடிந்த பணியின் விவரத்தைக் கட்டுப்பாட்டு நிரல் இயல்பான அமைப்பில் ஏறத்தாழ 300 நொடிகள்தான் நினைவில் வைத்திருக்கும். நினைவகம் போதாமல் செத்த பணியும், நேர வரம்பு தாண்டி நிறுத்தப்பட்ட பணியும், ஒழுங்காக விடை தந்த பணியும் பட்டியலிலிருந்து ஒரே மாதிரிதான் மறைகின்றன.

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் உருவான எச்டிகாண்டர் என்ற பணி ஒழுங்கியின் ‘காண்டர் வெயிட்’ கட்டளை வேறு வழியில் போகிறது. அது ஒழுங்கியைத் தொந்தரவு செய்யாமல், பணியின் நிகழ்வுப் பதிவேட்டை மட்டும் படிக்கிறது. அதில் 000 என்றால் பணி ஒப்படைக்கப்பட்டது, 001 ஓடத் தொடங்கியது, 005 முடிந்தது, 009 கைவிடப்பட்டது. பதிவேடு கோப்பாக இருப்பதால், இணைப்பு அறுந்து காத்திருப்பு நின்றுபோனாலும் கட்டளையை மீண்டும் கொடுத்தால் போதும். நடந்தது எல்லாம் அங்கே இருக்கும். மிக நேர்த்தியான வடிவமைப்பு இது. ஆனால் பணி முடிந்தாலும் கைவிடப்பட்டாலும் இக்கருவி 0 என்றே திரும்புகிறது. 005க்கு அடியில் எழுதப்பட்டிருக்கும் திரும்பு மதிப்பைப் படிப்பது பயனரின் பொறுப்பாகிவிடுகிறது. அந்த 0 காத்திருப்பின் வெற்றியைத்தான் சொல்கிறது.

ஸ்லர்மில் பணியை வரிசையில் விடும் ‘எஸ்பேட்ச்’ கட்டளைக்கு ‘வெயிட்’ என்ற விருப்பைக் கொடுத்தால், பணி முடியும்வரை அது திரும்பாது. திரும்பும்போது பணியின் குறியீட்டையே தானும் தரும். அறுந்த உறவு ஏறக்குறைய மீண்டுவிடுகிறது. நம் 40 வரைவுகளையும் ஒரே ஸ்கிரிப்டின் பல பிரதிகளாக ஓடும் ஓர் அணிப்பணியாக விட்டால் மட்டும் சிக்கல்: 40 குறியீடுகளில் மிகப் பெரியது ஒன்றே கையில் கிடைக்கும். தோற்றது ஒன்றா முப்பதா, எந்த வரைவு என்பதற்கு ‘எஸ்அக்ட்’ கட்டளையால் கணக்குப் பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே காத்திருப்பை ஒழுங்கியிடமே ஒப்படைப்பது மேல். கடைசிப் பணியை ‘ஆஃப்டர்ஓகே’ சார்புடன் வரிசையில் விட்டால், 40 பணிகளும் 0 தந்தால்தான் அது தொடங்கும். ‘ஆஃப்டர்எனி’ என்று எழுதினால் தோற்றவற்றையும் சேர்த்து ஒப்பிட்டுவிடும். விடைக்கோப்பு இல்லாத வரைவு ஒப்பீட்டிலிருந்து ஓசையின்றி விடுபட்டுப்போகும். ‘ஆஃப்டர்ஓகே’யிலும் ஓர் ஓட்டை உண்டு. ஸ்கிரிப்டின் குறியீடு என்பது அதன் கடைசிக் கட்டளையின் குறியீடு. கணக்கு பாதியில் நின்றிருந்தாலும், கடைசி வரியில் ‘எக்கோ’ போட்டு “முடிந்தது” என்று அச்சிட்டால், எக்கோவின் 0தான் பணியின் 0 ஆகும். கணக்கு ஓடிய கையோடு அதன் குறியீட்டை ஒரு மாறியில் பிடித்துவைத்து, அதையே சொல்லி வெளியேறும்படி ஸ்கிரிப்டை எழுதுவது இந்த ஓட்டையை அடைக்கும்.

ஒரு வரைவு தோற்றால், சார்பு ஒருபோதும் நிறைவேறாது என்ற குறிப்புடன் கடைசிப் பணி வரிசையிலேயே நிற்கும். அப்படி நிற்பவற்றைத் தானாக நீக்கிவிடும்படி ஸ்லர்மை அமைக்கவும் முடியும். ஆய்வுக்கான கணினிகளில் அவற்றை நீக்காமல் விடுவதே நல்லது என்று கருதுகிறேன். எந்த வரைவு ஏன் தோற்றது என்று ஆய்வாளர் தேடத் தொடங்க அந்தக் குறிப்பு ஒன்றே போதும்.