தலைவிதியா, தீர்வை விதியா?

ஆலைக் கதவு அடைக்கப்படுகிறது. முப்பதாண்டுக் காலம் அவ்வாயிலில் நுழைந்து உழைத்தவன் தெருவில் நிற்கிறான். ஏன் இந்தக் கதி என்று கேட்டால், "காலம் கெட்டுவிட்டது" என்கிறார் ஒருவர். "அவன் தலையெழுத்து" என்கிறார் இன்னொருவர். குருக்கள் கூறும் விதியை எள்ளி நகையாடும் நம் இளைஞருங்கூட, பொருளியல் வாணர் 'சந்தையின் விதி' என்று உரைக்கும்போது வாய்மூடி நின்றுவிடுகின்றனர். அந்த விதியை வகுத்தவர் யார்? எந்த நாளில், எவர் கையொப்பத்தால் அது நாட்டுக்கு வந்தது? அமெரிக்க வரலாற்றில் இக்கேள்விக்கு விடை கூறும் ஏடு ஒன்று உண்டு. அதனைப் புரட்டுவோம்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்க ஆட்சியினர், பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்து இறக்குமதித் தீர்வையைப் படிப்படியாகக் குறைத்து வந்தனர். பண்டம் மலிந்தது, வாங்குவோர் மகிழ்ந்தனர், ஏற்றுமதியாளர் கொழித்தனர். நட்டமோ நாடெங்கும் பரவவில்லை. கண்ணாடி செய்யும் ஊர், காலணி தைக்கும் ஊர், பீங்கான் சுடும் ஊர் என்று சில ஊர்களின் தலைமீது மட்டும் இறங்கிற்று.

1953-இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர், வாணிகக் கொள்கையை ஆராயக் குழு ஒன்றை அமைத்தார். தலைவர் கிளாரன்ஸ் ராண்டல், உருக்காலை அதிபர். அதே குழுவில் உருக்காலைத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மக்டொனால்டும் இடம்பெற்றார். அதிபரும் தொழிலாளர் தலைவரும் ஒரே மேசையில்! மக்டொனால்டு எழுப்பிய வாதம் எளியது. தீர்வைக் குறைப்பால் நாடு முழுதும் நலம் பெறுகிறதென்றால், அதற்குரிய விலையைச் சிலர் மட்டும் செலுத்துவது எந்த நீதி? வேலை இழந்தோர்க்கு அரசு துணை நிற்கட்டும் என்றார். பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. 1954-இல், செனட் உறுப்பினராயிருந்த ஜான் கென்னடி அக்கருத்தை மசோதாவாகக் கொணர்ந்தார். அதுவும் நிறைவேறவில்லை.

எட்டாண்டுகள் சென்றன. கென்னடியே குடியரசுத் தலைவரானார். தீர்வையைப் பெருமளவு குறைக்கும் அதிகாரம் அவருக்குத் தேவைப்பட்டது. தொழிற்சங்கங்களின் ஆதரவும் தேவைப்பட்டது. சங்கத் தலைவர் ஜார்ஜ் மீனி, தொழிலாளர் உதவியை இன்றியமையாத கூறாகக் கருதினார். 1962 அக்டோபர் 11-இல் வாணிக விரிவுச் சட்டம் கையொப்பமாயிற்று. இறக்குமதியால் வேலை இழந்தவனுக்கு அவன் வாரக் கூலியில் 65 விழுக்காடு, உச்சவரம்புக்கு உட்பட்டு, 52 வாரங்கள் வரை. புதுத் தொழில் பயின்றால் மேலும் 26 வாரங்கள். வேறூர் பெயர்ந்தால் அதற்கும் செலவுத் தொகை. படித்தால் நெஞ்சு குளிரும் விதிகள்!

ஆனால் வாயிற்படியில் ஒரு பூட்டு தொங்கிற்று. இறக்குமதி பெருகியதற்குத் தீர்வைச் சலுகையே பெருங்காரணம் என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டும். அந்த இறக்குமதியே வேலை இழப்புக்கும் பெருங்காரணம் என்று அடுத்து மெய்ப்பிக்க வேண்டும். யாரிடம்? தீர்வைக் கமிஷனிடம். சலுகை தந்தது எப்போதோ. பண்டம் வந்து குவிந்தது இப்போது. இடையில் அயல்நாட்டான் புது எந்திரம் பூட்டியிருப்பான். உள்நாட்டு முதலாளி பழைய எந்திரத்தோடே காலம் கடத்தியிருப்பான். இத்தனை இழைகளையும் பிரித்து, இதுவே பெருங்காரணம் என்று வேலையற்று நிற்பவன் எப்படிக் காட்டுவான்? 1962 முதல் 1969 வரை ஏழாண்டுகளில் உதவி பெற்ற தொழிலாளர் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை! இடையே 1967-இல் கென்னடிச் சுற்றுப் பேச்சு முடிந்தது. தொழிற்பொருள்கள் மீதான தீர்வை சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒப்பந்தத்தின் ஒரு பாதி ஒழுங்காக நடந்தேறிற்று. மறுபாதி தாளில் தூங்கிற்று. 'ஈமக்கடன் காப்பீடு' என்று தொழிற்சங்கத்தார் இவ்வுதவியை எள்ளியதில் வியப்பென்ன?

1974-ஆம் ஆண்டு வாணிகச் சட்டம் பூட்டைத் தளர்த்திற்று. தீர்வைச் சலுகையைக் காரணமாகக் காட்டத் தேவையில்லை. இறக்குமதி முக்கியப் பங்காற்றியிருந்தால் போதும். தீர்மானிக்கும் பொறுப்பு தொழிலாளர் துறைக்கு மாறிற்று. 1980-இல் மோட்டார்த் தொழில் சரிந்தபோது, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் உதவி பெற்றனர். செலவு ஏறத்தாழ 160 கோடி டாலர். அவர்களிற் பலர் சில மாதங்களில் பழைய ஆலைக்கே திரும்பியவர் என்று குறை கூறப்பட்டது. அது மெய்யே, மறுக்கமாட்டோம். எந்திரம் புகுந்ததால் வேலை இழந்தவனுக்கு மட்டும் ஏன் இல்லை என்ற கேள்வியும் நேர்மையானதே. அவனுக்கும் கொடு என்பது ஒரு விடை. ரீகன் ஆட்சி தேர்ந்ததோ வேறு விடை. 1981-இல் தொகையைச் சாதாரண வேலையின்மைக் காப்பீட்டின் அளவுக்கு இறக்கினர். அக்காப்பீடு தீர்ந்த பின்னரே இது என்றும் ஆக்கினர். செலவு ஓரிரு ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சென்றது.

பின்னர் வந்தவை ஏற்றமும் இறக்கமும். 2002-இல் மருத்துவக் காப்பீட்டு உதவி சேர்ந்தது. 2009-இல் சேவைத் துறையினரும் சேர்க்கப்பட்டனர். சீனா உலக வாணிக அமைப்பில் 2001 டிசம்பரில் நுழைந்தபின் வந்த பேரலையில் இவ்வுதவி என்ன செய்தது? ஆட்டர், டார்ன், ஹான்சன் என்னும் பொருளியல் அறிஞர் மூவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். சீன இறக்குமதி தாக்கிய வட்டாரங்களில் இவ்வுதவித் தொகை உயர்ந்ததைவிட, உடல் ஊனமுற்றோர்க்கான உதவித் தொகை பல மடங்கு உயர்ந்திருந்தது. இறக்குமதியால் வேலை இழந்தேன் என்ற வாயிலில் நுழைய முடியாதவரிற் பலர், உடல் தளர்ந்தேன் என்ற வாயிலைத் தட்டினர்.

2022 ஜூலை 1-இல் சட்டத்தின் காலம் முடிந்தது, காங்கிரஸ் நீட்டிக்கவில்லை. அதற்குமுன் ஒப்புதல் பெற்றோர்க்கு உதவி தொடர்ந்தது. அதன்பின் வந்த விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் வழங்கத் தொழிலாளர் துறைக்கு அதிகாரம் இல்லாது போயிற்று.