வாலில்லாத விமானமும் மூடப்பட்ட வானமும்

விமானம் என்றதும் நம் மனக்கண்ணில் எழும் உருவத்துக்கு ஓர் உடல் உண்டு. இரு சிறகுகள் உண்டு. பின்னால் ஒரு வாலும் உண்டு. பறவையைப் பார்த்து மனிதன் வரைந்த உருவம் அது. ஆயினும், உடலையும் வாலையும் அகற்றிவிட்டுச் சிறகை மட்டும் பறக்கவிட முடியாதா என்று முயன்றவர்களின் தனி மரபொன்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. 'பறக்கும் சிறகு' என்று அழைக்கப்படும் இவ்வகை விமானம் அமெரிக்க விமானப்படையின் பி-2 குண்டுவீச்சு விமானமாகவும் இருக்கிறது. மாளிகாவத்தைத் தொடர்மாடியொன்றில் இளைஞர் ஒருவர் ரெஜிபோம் பலகைகளை ஒட்டிச் செய்திருக்கும், மின்மோட்டாரால் இயங்கும் ஒரு மீற்றர் அகல மாதிரி விமானமாகவும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வரலாற்றையும், அந்த வரலாறு இந்நாட்டைக் கடந்துசென்ற விதத்தையும் பதிவுசெய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வால் எதற்கு என்ற கேள்விக்கு நம் ஊர்ப் பட்டத்திலேயே விடை இருக்கிறது. சாதாரணப் பட்டத்துக்கு வால் கட்டாவிட்டால் அது சுழன்று குத்தி விழும் என்பதை யாழ்ப்பாணத்துச் சிறுவர்கள் எவரும் சொல்வார்கள். விமானத்தின் வாலும் ஏறத்தாழ அதே காவல் வேலையைத்தான் செய்கிறது. மூக்கு மேலெழுந்தாலோ கீழே சரிந்தாலோ, வால் அதனைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. ஆனால் அந்த வாலும் அதைத் தாங்கும் உடலும் பாரமானவை. காற்றைக் கிழித்துச் செல்லும்போது தடையாகவும் இருப்பவை. அவற்றை நீக்கினால் அதே சக்தியில் அதிக தூரம் போகலாம். ஆசை அதுதான். ஆபத்து, காவலன் இல்லாமற் போவது.

இயற்கை இந்தப் புதிருக்கு ஏற்கனவே விடை கண்டிருந்தது. ஜாவா முதலிய தீவுகளின் காடுகளில் படரும் ஒரு கொடியின் விதை, மெல்லிய கண்ணாடித்தாள் போன்ற சிறகுடன், வாலெதுவும் இல்லாமல் நெடுந்தூரம் மிதந்து செல்லும். ஜேர்மனியரான ஃபிரெட்ரிக் ஆல்போர்ன் 1897இல் இவ்விதையின் நிலைபேற்றைப் பற்றி எழுதினார். அதைப் படித்த ஒஸ்ட்ரியாவின் இகோ எட்ரிக் அதே வடிவில் மிதவை விமானம் செய்தார். பிரித்தானிய இராணுவத்தைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. டன் என்பவர் பின்னோக்கி மடிந்த சிறகுகளைக் கொண்ட வாலில்லா விமானத்தை 1910 டிசம்பரில் ஓர்வில் ரைட்டின் முன்னிலையில் பறந்து காட்டினார். கைகளை விசைகளிலிருந்து எடுத்த பின்னரும் அது தானாகவே நேராகப் பறந்தது.

முப்பதுகளில் ஜேர்மனியின் ஹோர்ட்டன் சகோதரர்களும் அமெரிக்காவின் ஜக் நோர்த்ரப்பும் இக்கனவைத் தொடர்ந்தனர். இவர்களுள் நோர்த்ரப்பின் அனுபவமே நமக்கு அதிகம் பயன்படுவது. அவர் முதலில் உருவாக்கிய பெரிய குண்டுவீச்சு விமானம் 1946இல் பறந்தபோது அதற்குப் பின்புறத்தில் சுழல்விசிறிகள் இருந்தன. யுகம் மாறிவிட்டது, ஜெட் எந்திரம் வந்துவிட்டது என்று அதனை மேம்படுத்த முனைந்தார்கள். விசிறிகளை அகற்றி எட்டு ஜெட் எந்திரங்களைப் பொருத்தினார்கள். வைபி-49 என்ற அந்த விமானம் 1947 ஒக்டோபரில் பறந்தது. வேகம் கூடியது; ஆனால் ஜெட் எந்திரங்களின் எரிபொருட் தாகத்தால் பறக்கக்கூடிய தூரம் பெரிதும் குறைந்தது. அதைவிட முக்கியமாக, அந்த விசிறிகளும் அவற்றின் தண்டு உறைகளும் இதுவரை விமானம் பக்கவாட்டில் அலையாதவாறு இரகசியமாகக் காத்து வந்திருந்தன. அவை போனதும் அந்தக் காவலும் போயிற்று. ஈடுசெய்யச் சிறு செங்குத்துத் துடுப்புகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 1948 ஜூன் 5ஆம் திகதி அவ்விமானங்களில் ஒன்று கலிபோர்னியாவில் விழுந்து நொறுங்கியது. இறந்த ஐவருள் கிளென் எட்வர்ட்ஸ் என்ற விமானியின் பெயரே பின்னர் அந்தத் தளத்துக்குச் சூட்டப்பட்டது. திட்டம் கைவிடப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1989 ஜூலை 17ஆம் திகதி பி-2 பறந்தது. வைபி-49இன் சிறகு அகலமே அதற்கும்: 172 அடி. மாறியது உருவமல்ல. விமானியின் கையைவிட விரைவாக விமானத்தின் அசைவை உணர்ந்து திருத்தும் கணினி அதனுள் இருந்தது. வால் செய்த காவலைக் கணினி ஏற்றுக்கொண்டது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

பெரிய விமானங்களின் கதை இவ்வாறிருக்க, பொழுதுபோக்காளர்களின் மாதிரி விமானங்கள் வேறொரு தடையை எதிர்கொண்டிருந்தன. தொலைவிலிருந்து வானொலி அலைகளால் ஒரு கலத்தை இயக்கலாம் என்பதை நிக்கோலா டெஸ்லா 1898இலேயே நியூயோர்க்கில் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டி நிறுவியிருந்தார். 1935இல் பிரித்தானியா பீரங்கிப் பயிற்சிக்காக ஆளில்லாத 'குயின் பீ' விமானத்தைப் பறக்கவிட்டது. இன்று நாம் சொல்லும் 'ட்ரோன்' என்ற பெயர், ஆண் தேனீயைக் குறிக்கும் சொல், அதன் வழியாக வந்ததென்பர். ஆனால் மின்சாரத்தால் பறப்பது எளிதாக இருக்கவில்லை. கேர்ணல் டப்ளின் என்ற ஆங்கிலேயர் 1957 ஜூன் 30ஆம் திகதி வெள்ளி-நாக மின்கலங்களைக் கொண்டு வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரியொன்றை மின்மோட்டாரால் பறக்கவிட்டதே பதிவான முதல் நிகழ்வு. பின்னர் வந்த நிக்கல்-கட்மியம் மின்கலங்கள் ஒரு கிலோவுக்கு 40 முதல் 60 வாட்-மணி சக்தியையே தந்தன. தன்னைத் தானே தூக்கிக்கொள்ளவே அந்தச் சக்தியில் பெரும்பகுதி செலவாகியது.

1991இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயன் மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கைத்தொலைபேசிக்கும் மடிக்கணினிக்கும் பெருகிய தேவையால் அது மலிவடைந்து, நிக்கல்-கட்மியத்தின் மூன்று மடங்குச் சக்தியை அதே எடையில் தந்தது. கணினியின் சிடி இயக்கிகளிலிருந்து கழற்றிய சிறு மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றி விமானத்தில் பூட்டினார்கள் ஆர்வலர்கள். விழுந்தாலும் உடையாத நுரைப் பொருளில் செய்த 'ஸாகி' போன்ற பறக்கும் சிறகுகள் தொண்ணூறுகளில் அமெரிக்காவில் பரவின. 2000ங்களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹேர்ட்ஸ் வானொலிக் கருவிகள் வந்தபோது, பக்கத்தில் நிற்பவரின் அலைவரிசை குறுக்கிட்டு விமானம் விழும் தொல்லையும் ஒழிந்தது. நோர்த்ரப்பின் கனவு ஒரு பள்ளி மாணவனின் கைக்கு எட்டியது.

அந்த ஆண்டுகளில் நாம் எங்கே இருந்தோம் என்பதே என் கேள்வி.

உலகம் மின்கலத்தை இலகுவாக்கிக் கொண்டிருந்த தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்துக்கு டோர்ச் மின்கலம் கொண்டுசெல்வதே தடைசெய்யப்பட்டிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. வன்னி மக்களுக்கு ஆளில்லா விமானம் முதலில் அறிமுகமானது வேவு விமானமாகவே. அதன் இடைவிடாத இரைச்சலைக் கேட்டு அவர்கள் அதற்கு 'வண்டு' என்று பெயரிட்டனர். ஆங்கிலேயருக்குத் தேனீயாகத் தோன்றியது இவர்களுக்கு வண்டாகத் தோன்றியிருக்கிறது. பெயர்கள் அருகருகே இருந்தாலும், ஒருவர் அதைக் கீழிருந்து குறிபார்த்துப் பழகினார்; மற்றவர் அதன் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடினார்.

கொழும்புக்கும் வானச்சம் வந்தது. 2007 மார்ச் 26ஆம் திகதி விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தைத் தாக்கின. 2008 ஒக்டோபர் 28ஆம் திகதி களனிதிஸ்ஸ மின்நிலையம் தாக்கப்பட்டது. அது மாளிகாவத்தையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. 2009 பெப்ரவரி 20ஆம் திகதி ஒரு விமானம் கொழும்பின் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. அந்த இரவுகளில் நகரின் மின்விளக்குகள் அணைக்கப்படும். இருளைக் கிழித்து மேலெழும் வேட்டுக்களின் சிவப்புக் கோடுகளைத் தொடர்மாடிகளின் நடைபாதைகளில் நின்று மக்கள் பார்த்தார்கள். அவ்விமானங்கள் உதிரிப்பாகங்களாகக் கடத்திவரப்பட்டுப் பூட்டப்பட்டவை என்று அக்காலச் செய்திகள் கூறின. அதன் பிறகு மோட்டாரும் ரிமோட்டும் மின்கலமும் ஒரே பெட்டியில் இருந்தால் அதற்குரியவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததில் வியப்பில்லை. அவர் தமிழராயிருந்தால் அந்த விளக்கம் நீண்டதாக இருக்க வேண்டியிருந்தது.

யுத்தம் முடிந்த பின்னர், பறக்கும் சிறகு இந்நாட்டில் பயனுள்ள வேலையொன்றையும் செய்தது. பத்தரமுல்லையைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம், சுவிட்சர்லாந்துத் தயாரிப்பான 'ஈபீ' விமானத்தை அநுராதபுரத்து நெல்வயல்களுக்கு மேலே பறக்கவிட்டது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை, நுரையாலான உடல், பின்புறம் ஒரு மின்விசிறி, வால் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அண்மைச் செந்நிறக்கீழ்க்கதிரில் படமெடுத்து, எந்த வயலில் பயிர் வாடுகிறது என்பதைக் கண்டறிய அது உதவியது. வானிலிருந்து பார்ப்பது விவசாயிக்காகவும் இருக்கலாம் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது.

மேலே நான் குறிப்பிட்ட மாளிகாவத்தை இளைஞர் தன் முதல் சிறகைச் செய்தது 2018இல். மீன் பெட்டி ரெஜிபோமை வெட்டி, ஒட்டுநாடா சுற்றி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் தேடிய பாகங்களைப் பூட்டி, புத்தளத்தில் உறவினரின் தென்னந்தோட்டத்தருகே சில தடவைகள் பறக்கவிட்டிருக்கிறார். "வாலு இல்லாத சாமானுக்குப் பாரத்தை எங்க வைக்கிற எண்டதுதான் அங்கிள் எல்லாம்" என்று அவர் எனக்கு விளக்கினார். மின்கலத்தை ஒரு சென்ரிமீற்றர் பின்னால் தள்ளினாலே விமானம் மூக்கைத் தூக்கிக் கவிழ்ந்துவிடும். சிறகின் பின்விளிம்பைச் சற்றே மேல்நோக்கி மடித்து வைப்பதும், இரு மடல்களும் சேர்ந்து உயர்ந்தால் ஏறவும், எதிரெதிராக அசைந்தால் திரும்பவும் செய்வதுமே வாலுக்கு மாற்று.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. நான்கு நாட்களில் ட்ரோன்களையும் ஆளில்லா விமானங்களையும் பறக்கவிடுவதைச் சிவில் விமான சேவைகள் அதிகார சபை தடைசெய்தது. 250க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயிருந்த வேளையில் அத்தடையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மாளிகாவத்தையில் நிகழ்ந்தது வேறு. வீடுவீடாகச் சோதனை நடந்த அந்நாட்களில் முஸ்லிம் குடும்பங்கள் அறபு நூல்களையும் பெரிய கத்திகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தன. அந்த இளைஞரின் தாயார் ஓர் இரவில் சிறகைத் துண்டு துண்டாக உடைத்துக் குப்பைப் பைகளில் பிரித்துப் போட்டார். மோட்டாரை வேறு பையில், வயர்களை வேறு பையில். மகன் கேட்டபோது, "வெளையாட்டுச் சாமான் எண்டு யாருக்கிட்ட மகன் சொல்றது?" என்று மட்டும் கேட்டாராம்.

தடை பின்னர் நிபந்தனைகளுடன் தளர்த்தப்பட்டது. 2020இல் கொவிட் தனிமைப்படுத்தலை மீறுவோரைக் கண்காணிக்கக் கொழும்பின் மேலே ட்ரோன்கள் பறந்தன. மாடிவாசிகள் மீண்டும் பார்க்கப்படுவோராகவே இருந்தனர். அவர் இரண்டாவது சிறகைத் தொடங்கினார். 2022இல் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியபோது, புதிய மின்கலம் வாங்க வழியின்றிப் பழைய மடிக்கணினிகளின் உருளை மின்கலங்களைப் பிரித்தெடுத்துக் கோத்தார். அவை திடீரென அதிக மின்னோட்டம் தராதவை; ஆனால் எடைக்கு அதிக சக்தி கொண்டவை. ஆகவே வேகத்தை விட்டு, நீண்ட நேரம் மெதுவாகப் பறக்கும் சிறகாக அதனை மாற்றியமைத்தார். பெரிய மின்கலத்தைச் சும்மா ஏற்றினால் பயனில்லை; எடை இரு மடங்கானால், விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 41 சதவீதம் கூடிவிடும். எனவே சிறகையும் நீட்டினார். கைத்தொலைபேசியில் உள்ளது போன்ற சிறு உணரியொன்றையும் பொருத்தினார். ஒன்றை மேம்படுத்தும்போது எது இழக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும் என, நோர்த்ரப்பின் பொறியியலாளர்கள் பெருவிலை கொடுத்து அறிந்ததை, அவர் ரெஜிபோமில் அறிந்திருக்கிறார்.

அச்சிறகு இப்போது அலுமாரியின் மேல், செய்தித்தாள் சுற்றியபடி இருக்கிறது. பதிவும் அனுமதியும் பெற்றுப் பறக்கவிடலாம் என்று சட்டம் சொல்கிறது. அனுமதிப் படிவத்தைத் தரவிறக்கி வைத்திருக்கிறார், இன்னும் நிரப்பவில்லை. சட்டத்துக்கு அவர் அஞ்சவில்லை. அந்தப் படிவத்தில் எழுத வேண்டிய முகவரிக்கே அஞ்சுகிறார். தன் பெயரும் மாளிகாவத்தை என்ற ஊரும் ஆளில்லா விமானம் என்ற சொல்லும் ஒரே தாளில் இருப்பது நாளை எந்த அலமாரியிலிருந்து எடுக்கப்படும் என்று அவருக்குத் தெரியாது.

பாதுகாப்பு தேவையில்லை என்று எவரும் வாதிடப் போவதில்லை. பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் பொறுப்பேற்க, குறித்த மைதானமொன்றில், குறித்த நேரத்தில், மேற்பார்வையின் கீழ் இவ்விளைஞர்கள் பறக்கவிட ஏற்பாடு செய்வது பெரும் செலவான காரியமல்ல. சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. மாணவர்கள் ஆளில்லா விமானங்களைச் செய்து சர்வதேசப் போட்டிகள் வரை சென்றது, அவர்களுக்கு ஒரு கூடமும் வானமும் கிடைத்ததனால்தான். நம் பிள்ளைகளிடம் கைத்திறன் குறைவு என்று இனி எவரேனும் சொன்னால், அவரை மாளிகாவத்தைக்கு அழைத்துவந்து அந்த அலுமாரியின் மேல் இருப்பதைக் காட்ட விரும்புகிறேன்.