சினார்ச் சருகும் அரசந்தளிரும்

ஐப்பசிக் கடைசியில் ஸ்ரீநகரின் நசீம் பாகில் நின்றால் தலைக்கு மேலும் காலடியிலும் ஒரே செம்பு நிறம். தால் ஏரியின் மேற்குக் கரையில் முகலாயர் காலத்தில் உருவான சினார் மரத்தோப்பு அது. இன்று காஷ்மீர்ப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. அதே நாட்களில் நம் ஆரணியில் வடகிழக்குப் பருவமழை. மேற்கே படவேட்டுக்குப் பின்னால் எழும் ஜவ்வாது மலை முழுக்கப் பச்சை. இலையுதிர் கால வண்ணங்களைப் படமெடுக்க அக்டோபரில் கேமராவோடு இங்கே வருபவர் ஏமாந்துதான் போவார்.

நம் மரங்களும் இலை உதிர்க்கின்றன. மாதம் வேறு, காரணம் வேறு. தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். ஜவ்வாது மலைக் காடு மாசியிலும் பங்குனியிலும்தான் வெளிறுகிறது. பகல் குறுகி இரவு குளிர்வதை உணர்ந்து சினார் தன் இலையின் பச்சையத்தைச் சிதைத்துவிடுகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. குளிர்ந்த இரவும் தெளிந்த வெயிலும் சேர்ந்தால் செந்நிறமும் இலையில் ஊறுகிறது. நம் காட்டு மரமோ தண்ணீர் தட்டுப்பாட்டால் உதிர்க்கிறது. ஆகவே இங்கே உதிரும் இலை பெரும்பாலும் மஞ்சளாகி, பழுப்பாகி, சருகாகிவிடும். பழுத்துச் சிவந்த இலைதான் வேண்டுமென்றால் மலைக்கே போக வேண்டாம். தெருவோரத்து நாட்டு வாதுமை போதும்.

அப்படியானால் நம்மூரில் சிவப்பு வாதுமையோடு முடிந்துவிடுகிறதா? இல்லை, தளிரிலும் இருக்கிறது. பங்குனியில் அரசமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டு, சில நாட்களிலேயே செம்பும் இளஞ்சிவப்புமாகத் துளிர்க்கிறது. இலுப்பைத் தளிரும் மாந்தளிரும் அதே சாயல்தான். பிஞ்சு இலையைக் கடும் வெயில் பொசுக்காமல் காக்க அந்தச் சிவப்பு உதவுகிறது என்பது தாவர அறிவியலார் தரும் விளக்கம். இலை முற்றியதும் பச்சை ஏறிவிடும். சினாரின் சிவப்பு விடைபெறும் இலையின் நிறம். அரசின் சிவப்பு இப்போதுதான் பிறந்த இலையின் நிறம். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். நான் இரண்டாவதன் பக்கம்.

ஆரணியில் பட்டு நெய்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. அரசந்தளிர்ப் படமொன்றைத் தறிக்காரப் பெரியவர் ஒருவரிடம் கைப்பேசியில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், “இது நம்ம மாந்தளிர் கலர் மாதிரி இருக்குதுப்பா” என்றார். தளிரின் பெயரில் பட்டுச்சேலை நிறமே இருக்கிறது. பழுத்த இலையின் பெயரில் ஒரு சேலையை நான் இதுவரை பார்த்ததில்லை.

படமெடுப்பவரைப் பெரிதும் சோதிப்பது வெளிச்சம். நவம்பர் தொடக்கத்தில் ஸ்ரீநகரில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து சுமார் 40 பாகை உயரம்தான் ஏறும். நாள் முழுக்கச் சாய்ந்த வெயில். எந்த நேரத்திலும் ஒரு சினார் இலையைச் சூரியனுக்கும் லென்ஸுக்கும் நடுவே வைத்து ஒளி ஊடுருவ எடுக்கலாம். ஆரணியில் மார்ச் நடுவில் அதே உச்சிச் சூரியன் சுமார் 75 பாகையில் நிற்கும். நிறமெல்லாம் வெளுத்து, நிழல் காலடியில் சுருங்கிவிடும். சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் நமக்கு. படவேட்டுப் பக்கம் மாலையை நம்பவும் முடியாது. மேற்கில் மலை நிற்பதால் நிழல் சீக்கிரமே இறங்கிவிடும்.

அரசந்தளிர் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். அந்த மினுக்கம் வெள்ளையாகப் பதிந்து நிறத்தைத் தின்றுவிடும். போலரைசர் வடிகட்டியை மாட்டி, சூரியன் நமக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி நின்று, மெல்லத் திருகினால் மினுக்கம் அடங்கி உள்நிறம் எழும். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடக் கூடாது. செம்பு நிறத்தைத் தவறென்று நினைத்துக் கேமரா அதைக் குளிர்வித்துவிடும். பகல்வெளிச்ச அமைப்பே போதும். சிவப்பு நிரம்பி வழியாமலிருக்க வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தே பதிவு செய்யுங்கள். சினாருக்கும் இவையெல்லாம் பொருந்தும். ஆனால் அரசிலையின் காம்பு நீளம். சின்னக் காற்றுக்கும் ஆடும். ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்குக்குக் கீழே போனால் தளிர் கலங்கிவிடும்.

உதிர்ந்த சருகின் கதையும் இரண்டு ஊரில் இரண்டு விதம். காஷ்மீரில் சினார்ச் சருகைக் கூட்டி எரித்துக் கரியாக்கி, குளிர்காலத்தில் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியில் இடுவது பழைய வழக்கம். இங்கே பங்குனிச் சருகு விழும்போது கோடை தொடங்கிவிடுகிறது. ஒரு பீடித் துண்டு போதும், மலைச்சரிவு பற்றிக்கொள்ள. வனத்துறையிடம் கேட்காமல் காப்புக்காட்டுக்குள் கால் வைக்காதீர்கள், தீப்பெட்டியையும் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மலையடிவாரத்தில் புரசும் இலவும் இலையுதிர்த்து வெறுங்கிளையில் சிவக்கப் பூக்கும். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் அந்தப் பூவும், அரசின் தளிரும், வாதுமையின் பழுத்த இலையும் ஒன்றாகவே தோன்றும். எல்லாவற்றுக்கும் இலையுதிர் காலம் என்று ஒரே பெயர் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் மரத்தின் பெயரையும் தமிழ் மாதத்தையும் எழுதுங்கள்.