வாசனின் இரு படங்களும் விளம்பரமும்

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத் திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ். எஸ். வாசன், விளம்பர முகவராக இருந்து 1928இல் ஆனந்த விகடனை வாங்கியவர். அவரது ஜெமினி நிறுவனம் 1947இல் வெளியிட்ட ‘மிஸ் மாலினி’, ஆர். கே. நாராயணின் கதையில் அமைந்த அங்கதப் படம். நாடக நடிகை மாலினியைப் பேச்சால் மயக்கித் தனிக் கம்பெனி தொடங்கச் செய்யும் சம்பத், அவளைக் கடனில் ஆழ்த்திவிட்டு மறைகிறான். கலையுலகப் பகட்டை நகைத்த இப்படம் பாராட்டுப் பெற்றும் வசூலில் தோற்றது. மறுஆண்டு வெளிவந்த ‘சந்திரலேகா’வோ பெரும் பொருட்செலவில் நாடெங்கும் விளம்பரப்படுத்தப்பட்டது, அதன் இந்திப் பதிப்பு பெருவெற்றி கண்டது. முன்னதன் தோல்வியே வாசனைப் பிரம்மாண்டத்தின் பக்கம் திருப்பியது எனக் கொள்வதற்கில்லை. ‘மிஸ் மாலினி’ வெளிவருமுன்னரே ‘சந்திரலேகா’ தயாரிப்பில் இருந்தது. விளம்பரத்தின் ஆற்றலை நம்பியவரே அதன் பொய்ம்மையையும் அறிந்திருந்தார் என்பதே பொருந்தும்.